யார்க்கும் லேக் டிஸ்ட்ரிக்ட்டும் பார்த்தாயிற்று, லீட்ஸைச் சுற்றி வேறென்ன இருக்கிறது?

5 ஏப்ரல் 2025, ‘புதுவரவு’ கேட்டது

லீட்ஸுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. யார்க் போனோம், விண்டர்மியர் போனோம். இரண்டுக்கும் ஆன செலவைச் சொன்னால் ஊரில் அம்மா மயங்கி விழுவார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால் இடிந்த மடம், வெறும் புல்வெளி, மூடிய மில். இதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. கார் கிடையாது, இரண்டு சின்னப் பிள்ளைகள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

5 ஏப்ரல், இரவு

மறுக்கிறேன். விவரம் நாளை.

6 ஏப்ரல்

கிர்க்ஸ்டால் ஆபி என்கிற இடிந்த மடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். நகர மையத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆயர் ஆற்றங்கரையில் நிற்கிறது. சிஸ்டர்ஷியன் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகள் 1152இல் இங்கே வந்தார்கள். அதற்கு முன்னால் பார்னால்ட்ஸ்விக் என்ற ஊரில் மடம் போட்டு, மோசமான வானிலையோடும் ஊர்க்காரர்களோடும் ஐந்து வருடம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். இங்கத்திய மழையைத் தாங்காமல் துறவிகளே வீடு மாறியிருக்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் ஒரு ஆறுதல்.

1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததில் இதுவும் போனது. அப்புறம் ஊரார் வீடு கட்டக் கல் எடுக்கும் இடமாயிற்று. கிழக்கு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, லீட்ஸின் பெரிய சாலையையே தேவாலயத்தின் நடுக்கூடம் வழியாக விட்டார்கள். 1827 வரை வண்டியும் மாடும் பலிபீடம் இருந்த இடத்தைத் தாண்டித்தான் போயின. இதற்கிடையில் 1779இல் கோபுரத்தின் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. நடுக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்தி, ‘நீங்கள் நிற்பது பழைய மெயின் ரோடு’ என்று சொல்லிப் பாருங்கள். என் மகள் உடனே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குறுக்கே நடந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடிபாடு ஊர்ச்சொத்தானது எப்படி? லீட்ஸ் பக்கத்தில் பிறந்த கர்னல் ஜான் நார்த் என்பவர் 1889இல் இதை விலைக்கு வாங்கி நகராட்சிக்குக் கொடுத்தார். 1895இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நார்த்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சிலியின் பாலைவனத்திலிருந்து. அங்கே வெட்டியெடுத்த நைட்ரேட் உப்பு ஐரோப்பிய வயல்களுக்கு உரமானது. அவரை ‘நைட்ரேட் ராஜா’ என்றே அழைத்தார்கள். யார்க்‌ஷர் மடம் இன்று நிற்பதற்குச் சிலியில் யாரோ வெயிலில் மண் வெட்டியிருக்கிறார்கள்.

வெறும் கல்லாகப் பார்த்தால் வெறும் கல்தான். யார் யாருக்கு, எந்தப் பணத்தில் விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் இந்த ஊரில் எந்தப் பூங்காவும் வெறும் புல்வெளியாக இருக்காது. நான் அப்படித்தான் சுற்றுகிறேன்.

12 ஏப்ரல்

‘அண்ணா, மடம் சரி. ரவுண்ட்ஹே பார்க்கில் அப்படி என்ன கதை?’ என்று புதுவரவு கேட்டிருக்கிறார்.

நிறைய. எழுநூறு ஏக்கருக்கு மேல் இடம், 1871இல் ஏலத்துக்கு வந்தது. மேயர் ஜான் பாரன் 1,39,000 பவுண்டுக்கு அதை வளைத்துப் போட்டார். நகராட்சிக்கு அவ்வளவு தொகை செலவழிக்க அதிகாரம் இல்லாததால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. 1872இல் இளவரசர் ஆர்தர் வந்து திறந்துவைத்தார். ஊரில் பாதிப்பேர் திட்டினார்கள். காரணமும் சரியானதுதான்: தொழிலாளி குடும்பங்கள் இருந்த தெருக்களிலிருந்து அது வெகு தூரம், போக வண்டிக் கூலி கட்டாது. யாருக்காக வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்.

பாரன் யார் என்றால், ரெடிமேட் துணி வியாபாரி. மரப்பலகை அறுக்கும் பட்டை ரம்பத்தைப் பார்த்துவிட்டு, அதேபோல ஒரு கத்தியால் பல அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டலாம் என்று கண்டவர். அவர் துணி வெட்டிய கட்டடம் இன்னும் நகர மையத்தில் பார்க் ஸ்கொயர் ஓரத்தில் நிற்கிறது. 1878இல் கட்டியது, ஸ்பெயினின் மூரிஷ் பாணி வளைவுகளும் வண்ண ஓடுகளும். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு அந்தச் சதுக்கத்தில் உட்காருகிற பலர் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

13 ஏப்ரல்

நேற்று விட்டுப்போனது. ரவுண்ட்ஹேக்கு 1891இல் மின்சார ட்ராம் வந்தது, மேலே கம்பி கட்டி ஓடியது. பிரிட்டனில் அந்த முறையில் ஓடிய ஆரம்பகால ட்ராம்களில் ஒன்று. அதற்குப் பிறகுதான் பூங்கா உண்மையாகவே எல்லாருக்கும் ஆனது. திட்டியவர்களும் சரி, பாரனும் சரி. நிலம் வாங்கி இருபது வருடம் கழித்து ட்ராம் வந்து அந்த வழக்கைத் தீர்த்தது.

இப்போது ட்ராம் இல்லை, பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைப் பற்றிப் பேசினால் நான் நாகரிகமாகப் பேசமாட்டேன்.

21 ஏப்ரல், ஈஸ்டர் திங்கள்

டெம்பிள் நியூசம் போய்வந்தோம். நகரத்தின் கிழக்கு ஓரம். பெரிய மாளிகை, கேபபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக் கலைஞர் போட்ட புல்மேடுகள், அரிய இனப் பன்றியும் ஆடும் மாடும் இருக்கிற பண்ணை. சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் இங்கேதான் போகச் சொல்வேன். மாளிகையின் கூரை விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், கைப்பிடிச் சுவருக்குப் பதில் எழுத்துகளாகவே நிறுத்தியிருக்கிறார்கள். கடவுளுக்கும் மன்னருக்கும் வாழ்த்து. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கும் பிள்ளையோடு போனால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

ஸ்காட்லாந்து ராணி மேரியின் கணவர் டார்ன்லி பிறந்த வீடு என்று பலகையில் போட்டிருப்பார்கள். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. 1622இல் ஆர்தர் இங்க்ரம் இதை வாங்கினார். சரியாக முந்நூறு வருடம் கழித்து, 1922இல், அந்தக் குடும்பத்தின் வழியில் இதைப் பெற்றிருந்த எட்வர்ட் வுட், லீட்ஸ் நகராட்சிக்கு விற்றார். நான்கு வருடத்தில் அந்த வுட் இந்தியாவுக்குப் போனார். அங்கே அவர் பெயர் இர்வின் பிரபு.

ஆமாம், அதே இர்வின்தான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து உப்பு அள்ளியபோது வைஸ்ராய். காந்தியைச் சிறையில் வைத்தவர், 1931 மார்ச் 5இல் அவரோடு ஒப்பந்தம் போட்டவர். அதே மாதம் 23இல் பகத் சிங்கைத் தூக்கில் போட்டதும் அவர் காலத்தில்தான். பள்ளிக்கூடத்தில் ‘காந்தி-இர்வின் ஒப்பந்தம்’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய பெயர், நான் தோசைச் சுருளோடு உட்கார்ந்திருந்த புல்வெளியின் சொந்தக்காரர். சாப்பாடு கொஞ்ச நேரம் தொண்டையில் நின்றது. அப்புறம் இறங்கிவிட்டது. புல்வெளி இப்போது கவுன்சிலுடையது, தோசை என்னுடையது.

27 ஏப்ரல்

ஒருவர், ‘இர்வின் பெருந்தன்மையாக ஊருக்குத் தானம் செய்தார் என்றுதானே சொல்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறார். தானம் அல்ல, விற்பனை. விலை பெயரளவுக்குத்தான். இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனைகளும் போட்டிருந்தார். நல்ல காரியம்தான், ஆனால் தானக் கணக்கில் எழுத வேண்டாம்.

நிபந்தனை என்ன, நிலக்கரிக்கு முன்னால் எல்லாம் தோற்கும். 1940களில் இந்தப் பூங்காவின் பெரும்பகுதியைத் திறந்தவெளிச் சுரங்கமாகத் தோண்டிப் போட்டார்கள். இன்று நீங்கள் ‘பழமையான நிலக்காட்சி’ என்று படம் எடுக்கிற சரிவுகளில் சில, தோண்டிவிட்டுத் திரும்ப மூடியவை. தெரிந்துகொண்டு எடுங்கள், படம் நன்றாகத்தான் வரும்.

3 மே

ப்ளூபெல் என்ற நீலக் காட்டுப்பூவை எங்கே பார்ப்பது என்று மூன்றுபேர் கேட்டுவிட்டார்கள். லீட்ஸின் தெற்கே மிடில்டன் பார்க். இப்போதே போங்கள், மே பாதிக்குமேல் வாடிவிடும். காட்டுக்குள் நுழைந்ததும் ரசம் தாளித்த வாசம் வரும், அது காட்டுப் பூண்டு. ஆசையாகப் பறிக்கக் கிளம்பாதீர்கள், பக்கத்திலேயே அதேபோல் தெரிகிற நச்சு இலைகளும் வளரும். ப்ளூபெல் கிழங்கைப் பிடுங்குவது 1981ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

காட்டுத் தரையில் அங்கங்கே வட்டமாகக் குழி, சுற்றிலும் மேடு தெரியும். குண்டு விழுந்த இடம் என்று ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசவில்லை, இங்கே சொல்கிறேன்: அவை பழைய நிலக்கரிக் குழிகள். மேலே குறுகலாக இறங்கி, அடியில் மணி மாதிரி அகலமாகத் தோண்டி, சரியப்போகிறது என்றால் கைவிட்டு அடுத்ததைத் தோண்டுவார்கள். இந்தக் கரியை ஊருக்குள் கொண்டுபோகத்தான் மிடில்டன் ரயில்வே. 1758இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் அனுமதி பெற்ற முதல் ரயில் பாதை. அப்போது இழுத்தவை குதிரைகள். 1812இல் பல்சக்கரம் வைத்த நீராவி எஞ்சின் வந்தது. ஸ்டீவன்சனின் பேர்போன ‘ராக்கெட்’ ரயில் எஞ்சினுக்குப் பதினேழு வருடம் முன்னால்! 1960இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஓடுகிற நாள்களில் ஏறினால் பார்க் ஓரத்திலேயே இறக்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

18 மே

சால்டேர். லீட்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரம் போல. ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் தன் ஐம்பதாவது பிறந்தநாளில், 1853இல், மில்லைத் திறந்தார். நெய்ய அல்பாக்கா என்ற விலங்கின் ரோமம் பெருவிலிருந்து. பக்கத்து நகரமான பிராட்ஃபோர்டின் புகையையும் சாக்கடையையும் விட்டு, வேலைக்காரர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்வீடு, பள்ளிக்கூடம், தேவாலயம், மருத்துவமனை, 1871இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்கா. தெருக்களில் பலவற்றுக்கு மனைவி, பிள்ளைகள் பெயர். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

மதுக்கடை மட்டும் கிடையாது. பூங்காவில் குடி, சூது, கெட்ட வார்த்தை எல்லாவற்றுக்கும் தடை. பின்னாளில் கிராமத்தில் ‘டைட்டஸிடம் சொல்லாதே’ என்று பெயர் வைத்தே ஒரு பார் திறந்தார்கள்.

வீடுகளை வெளியே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்பார்வையாளருக்குப் பெரியது, மூன்று மாடி முனைவீடு. சாதாரணத் தறிக்காரருக்குச் சின்னது. சம்பள ஏணியைக் கல்லில் கட்டி வைத்திருக்கிறார். இதைப் பார்த்தபின் எனக்கு டைட்டஸ் மேல் இருந்த மரியாதை குறையவும் இல்லை, முழுசாக நிற்கவும் இல்லை. பிராட்ஃபோர்டில் ஒரு குழாய்த் தண்ணீருக்கு எத்தனை குடும்பம் வரிசையில் நின்ற காலம் அது. நானாக இருந்தால் குடியை விட்டுவிட்டுச் சால்டேருக்கு வந்திருப்பேன் என்று மனைவியிடம் சொன்னேன். நீங்கள் இப்போதே குடிப்பதில்லையே என்றார்.

மில் 1986இல் நின்றது. மறுவருடம் ஜொனாதன் சில்வர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த டேவிட் ஹாக்னியின் ஓவியங்களை மாட்டினார். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. புத்தகக் கடை இருக்கிற மாடியில் தரையைக் கவனியுங்கள், எவ்வளவு நீளம் என்று.

19 மே

‘ராபர்ட்ஸ் பார்க் என்பது சால்ட் வைத்த பெயரா?’ இல்லை. பின்னால் வந்த முதலாளி ஜேம்ஸ் ராபர்ட்ஸ், இறந்துபோன மகன் நினைவாக 1920இல் பிராட்ஃபோர்டுக்குக் கொடுத்தார். தெருவில் இருக்கிற நான்கு சிங்கங்களைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அவை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்காக நினைத்தவை. அங்கே வேறு சிற்பியின் சிங்கங்கள் உட்கார்ந்துகொண்டன. எனக்கு இவையே பிடிக்கும், முகத்தில் கொஞ்சம் வேலை கிடைக்காத சோகம் இருக்கிறது.

8 ஜூன்

பிராட்ஃபோர்டில் லிஸ்டர் பார்க். இந்த இழையில் நான் எழுதுகிற எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று போகலாம் என்றால் இங்கே போங்கள்.

சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் பட்டும் வெல்வெட்டும் நெய்த ஆலை முதலாளி. தன் குடும்ப மாளிகை இருந்த தோட்டத்தை 1870இல் நகரத்துக்கு விற்றார். 1904இல் அந்த மாளிகை இருந்த இடத்தில் கார்ட்ரைட் ஹால் என்ற கலைக்கூடம் எழுந்தது. பெயருக்கு உரிய எட்மண்ட் கார்ட்ரைட் 1780களில் விசைத்தறியைக் கண்டுபிடித்தவர். விசைத்தறி என்றால் என்னவென்று கைத்தறி ஊர்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கத்திய கைத்தறிக்காரர்களின் வயிற்றிலும் அடித்தது, லங்காஷர் துணியாகக் கப்பலேறி நம் ஊர்த் தறிகளையும் முடக்கியது.

அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் 2001இல் ஒரு முகலாயத் தோட்டம் போட்டார்கள். கால்வாய் மாதிரி நேர்நேராகத் தண்ணீர், நீரூற்று, கல்படிகள். பக்கத்துத் தெருக்களில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் பாகிஸ்தானிய வழியினர், அவர்களில் பலரின் பெற்றோர் இதே ஊரின் மில்களில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்கள். உள்ளே கலைக்கூடத்தில் தெற்காசியக் கலைப்பொருள்கள் நல்ல தொகுப்பாக இருக்கின்றன. 2025இல் பிராட்ஃபோர்ட் பிரிட்டனின் கலாசார நகரமாக இருந்தது, அப்போது கூட்டம் கொஞ்சம் அதிகம்.

தோட்டத்தில் நின்று கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் லிஸ்டர் மில்லின் புகைபோக்கி தெரியும், 76 மீட்டர். 1890 டிசம்பரில் அந்த மில்லில் கூலியைக் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர், அதிலும் பெண்கள் அதிகம், பனிக்காலம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரலில் தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் பிறந்த அரசியல் 1893 ஜனவரியில் இதே பிராட்ஃபோர்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியாயிற்று. இன்றைய லேபர் கட்சியின் வேர்களில் ஒன்று. லிஸ்டருக்குப் பூங்காவில் சிலை இருக்கிறது. சால்டுக்கும் இருக்கிறது, நகர மையத்தில் நின்றவரை 1896இல் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். வேலைநிறுத்தம் செய்த பெண்களில் ஒருத்திக்கும் இல்லை.

9 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்தபின் ஒரு யோசனை. ஏப்ரலில் ‘யார் கொடுத்தார், எந்தப் பணத்தில்’ என்று கேட்கச் சொன்னேன். அது பாதிதான் போல. கொடுத்தவர் பெயரைத் தேடிப் போனால் முதலாளிமார் வரலாறாகவே முடிகிறது. அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேலாகப் புல் வெட்டியவர், வரி கட்டியவர், கவுன்சிலில் காசில்லை என்றதும் கையுறை மாட்டிக் குப்பை பொறுக்க வருகிற அந்தந்தப் பூங்காவின் நண்பர்கள் குழு, இவர்கள் கணக்கில் வரவில்லை. போகிற இடத்தில் அறிவிப்புப் பலகையில் அந்தக் குழுவின் நடைப்பயண நாள் ஒட்டியிருப்பார்கள். அதில் சேர்ந்து நடங்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லாததெல்லாம் அந்தக் கிழவிகள் வாயில் இருக்கிறது.

22 ஜூன்

ஹேர்வுட் ஹவுஸ் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கிறார்கள். டிக்கெட் விலை ஒரு காரணம். அதைத் தாண்டிப் போகலாம், போனேன். 1759இலிருந்து 1771 வரை கட்டிய மாளிகை, உள்ளே ஓட்லியில் பிறந்த சிப்பென்டேல் என்ற தச்சர் செய்த மர வேலை. பணம் வீட்டுக்காரர்களான லாசெல்ஸ் குடும்பத்தின் மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையிலிருந்து, அதாவது அடிமைகளின் உழைப்பிலிருந்து. அடிமை முறையை ஒழித்தபோது அரசு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, ஹேர்வுட் பிரபு மாதிரியான உரிமையாளர்களுக்கு. இதை இப்போது அந்த வீட்டாரே மறைக்காமல் பேசுகிறார்கள், அது நல்லதுதான்.

வானத்தைப் பார்க்க மட்டும் என்றால் டிக்கெட் வேண்டாம். 1999இல் இந்தத் தோட்டத்தில்தான் ரெட் கைட் என்கிற செம்பருந்துகளை மறுபடி விட்டார்கள். ஊர் எல்லையில் பொதுநடைபாதையில் போனாலே தலைக்கு மேல் வட்டமடிக்கும். வால் கவடு பிரிந்திருக்கும், அதுதான் அடையாளம்.

6 ஜூலை

சில்லறை விஷயங்கள். கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், நாலு மணிக்குப் பூட்டுவார்கள். ஒரு பூங்காவில் பார்க்கிங் இயந்திரம் காசை விழுங்கிவிட்டுச் சீட்டு தரவில்லை, அபராதம் மட்டும் தவறாமல் வந்தது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், கார் இல்லாத புதுவரவு பாக்கியவான். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம், டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டு. குடையை விட்டுவிட்டு மழைக்கோட்டு போடுங்கள், காற்றில் குடை நிற்காது.

31 ஆகஸ்ட்

‘அண்ணா, மிடில்டன் ரயிலில் ஏறினோம், பெரியவன் இறங்கமாட்டேன் என்றான். ஆனால் கிர்க்ஸ்டாலில் சின்னவளுக்குப் போர் அடித்துவிட்டது’ என்று புதுவரவு. போர் அடிக்கட்டும். அங்கேயே ஆற்றங்கரையில் கல் எறிய விடுங்கள். ஆற்றுக்கு இணையாக லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய் போகிறது. 1770இல் தொடங்கி 1816இல் முடித்தது, 127 மைல். கிர்க்ஸ்டாலிலிருந்து அதன் கரையோரப் பாதையைப் பிடித்து மேற்கே நடந்தால் சால்டேரே வந்துவிடும். பிள்ளைகளோடு முழுசும் வேண்டாம், ராட்லி வரை போய் வாத்துகளைப் பார்த்துவிட்டு பஸ் பிடியுங்கள்.

7 செப்டம்பர்

இந்த மாதம் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ். 1994இலிருந்து நடக்கிறது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற மணிக்கூண்டு, கல்லறைத் தேவாலயம், மில் அடித்தளம் எல்லாம் இலவசமாகத் திறப்பார்கள். சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும், அவை சீக்கிரம் நிறைந்துவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

14 செப்டம்பர்

கடைசியாக ஒருவர்: ‘ஃபவுன்டன்ஸ் ஆபி டிக்கெட் கட்டுபடியாகுமா?’

ஆகும், ஒரு முழு நாள் இருந்தால். 1132இல் தொடங்கிய மடம், கிர்க்ஸ்டாலுக்குத் தாய்வீடு. ஆனால் நான் போவது பக்கத்தில் இருக்கிற நீர்த்தோட்டத்துக்காக. அதைப் போட்ட ஜான் அய்ஸ்லபி நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர். 1720இல் சவுத் சீ கம்பெனி பங்குகள் ஊதி வெடித்த ஊழலில் சிக்கி, பதவி போய், நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, லண்டன் கோட்டைச் சிறையிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். மீதி வாழ்நாள் முழுக்கக் குளம் வெட்டினார். நம் ஊராக இருந்தால் அடுத்த தேர்தலில் நின்றிருப்பார்.

லீட்ஸிலிருந்து ரிப்பனுக்கு 36ஆம் எண் பஸ், ஹேர்வுட் வழியாகத்தான் போகும். மாடியில் முன்சீட் பிடியுங்கள். ரிப்பனிலிருந்து மான் பூங்கா வழியாக நடந்தே போகலாம், மான் பூங்காவுக்கு டிக்கெட் இல்லை. திரும்பிவரக் கடைசி பஸ் நேரத்தை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.